சீஸ்கேக்குக்குள் நமத்துப்போகாத கடலை மிட்டாய்

தோழிக்குக் குரூப் 2 பணி நியமன ஆணை வந்துவிட்டது. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டு, ராத்திரியில் உட்கார்ந்து படித்து இந்த இடத்துக்கு வந்தவள். வழக்கப்படி ட்ரீட் அவள்தான் தர வேண்டும். ஆனால் இந்த முறை என் கையால் ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஊரிலிருந்து யார் வந்தாலும் பையில் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் கட்டாயம் இருக்கும். சென்னைக்கு வந்த பிறகு அவளுக்குப் பழகிப் பிடித்துப்போன இனிப்பு சீஸ்கேக். இரண்டையும் சேர்த்து, உள்ளே கடலை மிட்டாய்த் துண்டுகள் வைத்த சீஸ்கேக் பார் செய்வது என்று முடிவு செய்தேன்.

மிட்டாய் வைத்த சீஸ்கேக் பார் ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. ஸ்னிக்கர்ஸ் மாதிரி சாக்லேட்டுகளை நறுக்கி உள்ளே வைத்துச் செய்வது அமெரிக்காவில் சாதாரணம். அந்தச் சாக்லேட்டின் கேரமல் இயல்பிலேயே மெத்தென்று இருப்பது. சீஸ்கேக்குக்குள் இன்னும் கொஞ்சம் இளகினாலும் குறை தெரியாது. கடலை மிட்டாயை அப்படி விட முடியாது. பல் பட்டதும் நறுக்கென்று உடைந்தால்தான் அது கடலை மிட்டாய். ஈரமான கலவைக்குள் வெந்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்து, மறுநாள் வாயில் போடும்போதும் அது நறுக்கென்று உடைய வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி யோசனை எனக்கு இதிலேயே போயிற்று. அதனால் எழுத்திலும் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் மிட்டாயைப் புரிந்துகொள்ள வேண்டும். கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகைக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டிக் காய்ச்சுவார்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஏறக்குறைய 140, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அந்தப் பதம் வரும். அதற்குள் பாகிலிருந்த தண்ணீர் அநேகமாக முழுவதும் ஆவியாகிப் போயிருக்கும். அப்படித் தண்ணீர் வற்றிப்போனதால்தான் மிட்டாய் கண்ணாடி மாதிரி உடைகிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் நல்ல வெல்லமும்தான் அதன் ருசிக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாகுப் பதத்துக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

அந்தப் பக்கம் சீஸ்கேக்கின் முக்கியப் பொருளான கிரீம் சீஸைப் பாருங்கள். 1872இல் நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர், நியூஷாட்டல் என்ற பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியில் கூடுதலாகக் கிரீம் சேர்த்துச் செய்தது அது. 1880இலிருந்து ஃபிலடெல்ஃபியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் பால் கொழுப்பு 33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொழுகொழுவென்று இருப்பதால் முழுக்க முழுக்கக் கொழுப்பு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதோடு முட்டையும் தயிரும் சேர்கின்றன. அதற்குள் போய் ஒரு காய்ந்த வெல்லத் துண்டை வைத்தால், ஈரம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்குத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். வெல்லம் வெள்ளைச் சீனியைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும். அதிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டுக்கும் அந்தக் குணம் உண்டு. மழைக்காலத்தில் சென்னையில் மிட்டாய் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் மறுநாளே பிசுபிசுவென்று ஒட்டுவது இதனால்தான்.

ஓவன் சூட்டில் மிட்டாய் உருகிவிடாதா என்று கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். ஓவன் 160 டிகிரியில் இருந்தாலும் சீஸ்கேக்கின் நடுப்பகுதி 70 டிகிரியை ஒட்டித்தான் வரும்; அதற்கு மேல் விடவும் கூடாது. அந்தச் சூட்டில் மிட்டாய் சற்று இளகினாலும் ஆறியதும் மறுபடி இறுகிவிடும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் மட்டும் திரும்பாது. ஆகவே மிட்டாயைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

இதைப் பார்த்துவிடலாம் என்று சின்னச் சின்னக் கப்கேக் கிண்ணங்களில் கொஞ்சம் சீஸ்கேக் கலவை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மிட்டாய் வைத்துச் சுட்டு, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தேன். கடலை மிட்டாயோடு கூட, பெட்டிக்கடை மிட்டாய்களையும் சேர்த்துக்கொண்டேன், ஆசைக்கு.

வெறும் கடலை மிட்டாய் வைத்த கிண்ணத்தைக் கரண்டியால் பிளந்து பார்த்தால், மிட்டாய் இருந்த இடத்தில் ஒரு பழுப்பு வளையமும் அதற்குள் நாலைந்து கடலைப் பருப்பும்தான் மிச்சம். வெல்லம் கரைந்து, சுற்றியுள்ள சீஸில் ஊறியிருந்தது. ருசி நன்றாகவே இருந்தது, ஏறக்குறைய கேரமல் மாதிரி. ஆனால் கடலை நமத்து, வேகவைத்த கடலையாகிவிட்டது. தேன் மிட்டாய் உள்ளிருந்த பாகையெல்லாம் வெளியே விட்டு, கிண்ணத்தையே ஆரஞ்சு நிறமாக்கிவிட்டது. கமர்கட்டு வேறு மாதிரி. மேல்புறம் கரைந்து குழம்பாகியிருந்தது, நடுப்பகுதி மட்டும் குளிரில் இறுகி, பல் வைக்க முடியாத கல். அதை மெல்லும் பொறுமை சீஸ்கேக் தின்கிறவருக்கு இருக்காது. காப்பி மிட்டாய் முழுதாகக் கரைந்து காணாமல் போயிருந்தது. இருந்தாலும் அந்தக் காப்பி வாசம் பரவியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது, வேறொரு நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஃபைவ் ஸ்டார் துண்டு எதிர்பார்த்த மாதிரியே அசையாமல் நின்றது. சாக்லேட் போர்வை அதற்குக் காவல்.

கடைசிக் கிண்ணத்தில் டார்க் சாக்லேட்டில் தோய்த்து எடுத்த கடலை மிட்டாய். அது உடைந்தது. நறுக்கென்று, சத்தம் கேட்கும்படி.

சாக்லேட் என்பது கொழுப்பில் கோக்கோத் தூளும் சீனியும் கலந்த பொருள். கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும், ஆகவே ஓவனுக்குள் அது கண்டிப்பாக இளகும். ஆனால் யாரும் கிளறாதவரைக்கும் இளகிய சாக்லேட் இருந்த இடத்திலேயே நிற்கும். சுற்றியுள்ள கலவை வெந்து கெட்டியானதும் அதற்கு ஒரு கூடு கிடைத்துவிடுகிறது. ஆறும்போது அந்தக் கூட்டுக்குள்ளேயே மறுபடி உறைகிறது. கொழுப்பு வழியாகத் தண்ணீர் ஊடுருவ வெகுநேரம் ஆகும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்குகிறது. மூன்றாம் நாள் ஓரங்களில் லேசாக இளக ஆரம்பிக்கும்.

எந்தச் சாக்லேட் வாங்குவது என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காம்பவுண்ட் என்று விற்பதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு. சென்னை வெயிலில் கையாளச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் ஃப்ரிட்ஜ் குளிரில் அது நாக்கில் மெழுகாக ஒட்டும். நல்ல சாக்லேட்டை டெம்பர் செய்ய, அதாவது பளபளப்பாக உறையும்படி பதமாகச் சூடாக்கி ஆற்ற, தெரியாதே என்று பலரும் காம்பவுண்டுக்குப் போகிறார்கள். இந்த வேலைக்கு டெம்பரே வேண்டாம். பளபளப்பாக உறைய வைத்தாலும் ஓவனில் போய் இளகத்தான் போகிறது. ஆகவே அசல் டார்க் சாக்லேட்டையே வாங்குங்கள். கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் வெல்லத்துக்கு நல்ல ஜோடி. நான் 55 சதவீதக் கோக்கோ உள்ளதை எடுத்தேன், 120 கிராம்.

மிட்டாய் தி.நகரில், தென் மாவட்டத் தின்பண்டங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 150 கிராம் போதும். உருண்டை வேண்டாம், பட்டையாக வாங்குங்கள். ஒரே கனத்தில் வெட்ட வரும். கோவில்பட்டிப் பட்டையின் மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நிறமேற்றிய தேங்காய்த் துருவல் ஒட்டியிருக்கும். அந்த நிறம் வெள்ளைக் கலவையில் இறங்கும் என்பதால் கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டித் தனியாக ஒரு சிமிழில் எடுத்து வைத்தேன். அது கடைசியில் வேலைக்கு வரும்.

பட்டையை அப்படியே வெட்டினால் நாலாபக்கமும் சிதறும். 100 டிகிரிச் சூட்டில் ஓவனில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்தால் லேசாக இளகியிருக்கும். வெண்ணெய் தடவிய கனமான கத்தியால் மேலிருந்து அழுத்தினால் சுத்தமாக வெட்டுப்படும், இழுத்து அறுக்கக் கூடாது. ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள், மொத்தம் 36 வேண்டும். ஆறியதும் ஒரு சல்லடையில் போட்டுச் சலித்து, ஒட்டியிருக்கும் தூளை நீக்கிவிட வேண்டும். தூள்தான் முதலில் ஈரத்தை இழுக்கும். சாக்லேட்டிலும் கலந்து அதைத் திரிதிரியாக்கிவிடும். அந்தத் தூளையும் கீழே கொட்டிவிடாதீர்கள், மூடி வையுங்கள்.

சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, ஒவ்வொரு துண்டாக முள்கரண்டியில் எடுத்துத் தோய்த்து, பட்டர் பேப்பரில் வைத்து, ஃப்ரீசரில் பத்து நிமிடம். அப்புறம் துண்டுகளைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மேல்பக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில், முள்கரண்டி பட்ட இடத்தில் கோடு கோடாக மிட்டாய் தெரியும். ஓரங்களில் கடலைப் பருப்பின் கூர்முனை சாக்லேட்டைத் துளைத்துக்கொண்டு ஊசிமுனையளவு எட்டிப் பார்க்கும். தண்ணீருக்கு அந்த ஊசிமுனை வாசல் போதும். துண்டு முழுவதையும் இன்னொரு தடவை தோய்த்து, முனைகள் மேல் விரலால் கொஞ்சம் சாக்லேட் அப்பி அடைத்தேன். இரண்டாவது பூச்சும் உறைந்த பிறகு மூடி போட்ட டப்பாவில் மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். திறந்து வைத்தால் சென்னைக் காற்று பட்ட மாத்திரத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் முத்து முத்தாக வியர்த்துவிடும்.

கட்டித் தயிர் முதல் நாளே தயாராக வேண்டும். அரை லிட்டர் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி வடிய விடுங்கள். குழாயில் தொங்கவிடும் பழக்கம் குளிர்ந்த ஊர்களுக்குச் சரி. நம் ஊரில் விடிவதற்குள் புளித்துவிடும். வடிந்ததில் 150 கிராம் எடுத்துக்கொண்டேன்.

அடித்தளத்துக்கு மேரி பிஸ்கட் 160 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 40 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம். கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், விடாமல் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து களியாகும். பிஸ்கட்டைத் தனியாகப் பொடித்து, இரண்டையும் உருக்கிய வெண்ணெயில் பிசிறி, கையில் பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிரும் பதத்தில் எடுத்தேன். ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் ஏலக்காயும் சேர்த்தேன். இருபது சென்டிமீட்டர் சதுர டின்னில், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் இந்தப் பொடியைப் பரப்பி, தட்டையான அடியுள்ள டம்ளரால் மூலை வரைக்கும் அழுத்தி, 170 டிகிரியில் பத்து நிமிடம். அவ்வளவுதான்.

ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் ஓவனுக்குள் ஒரு சின்னத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். என்னுடையதில் திருகியை 160இல் வைத்தால் உள்ளே 175 காட்டுகிறது. இந்த 15 டிகிரி சாதாரணக் கேக்குக்குப் பெரிய விஷயமில்லை, சீஸ்கேக்குக்கு ரொம்பப் பெரிய விஷயம். சீஸ்கேக் பெயருக்குத்தான் கேக். அது முட்டையின் புரதம் மெதுவாக உறைந்து நிற்கும் கஸ்டர்ட். சூடு மிஞ்சினால் அந்தப் புரதம் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளும். மேல்புறம் வெடிக்கும், உள்ளே திரிந்த மாதிரி இருக்கும். வெளியே வந்த அந்தத் தண்ணீர் நேராக நம் மிட்டாய்க்குத்தான் போகும். ஆகவே பதமாகச் சுடுவதும் மிட்டாயைக் காப்பாற்றும் வேலையில் சேர்த்திதான்.

கலவைக்குக் கிரீம் சீஸ் 500 கிராம், பொடித்த சீனி 110 கிராம், முட்டை இரண்டு, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, வடித்த தயிர் 150 கிராம், சோள மாவு 20 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், வெனிலா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இந்த அளவுக்கு வழக்கமாக 150 கிராம் வரைக்கும் சீனி போடுவார்கள். உள்ளே மிட்டாய் இருப்பதால் குறைத்தேன்; தயிர்ப் புளிப்பு தெரிந்தால்தான் வெல்லத்தின் ருசியும் எழுந்து வரும். சோள மாவை வெறும் கெட்டிப்படுத்தும் பொருளாக மட்டும் நான் பார்க்கவில்லை. வேகும்போது ஈரத்தைக் குடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, நமக்கு அதுவும் உதவி.

கிரீம் சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் நம் ஊருக்குப் போதும். வெளிநாட்டுச் செய்முறைகளில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். மே மாதச் சமையலறையில் அவ்வளவு நேரம் வைத்தால் எண்ணெய் விட்டுவிடும். விரலால் அழுத்தினால் சுலபமாகக் குழிய வேண்டும், பளபளக்கக் கூடாது. பீட்டரைக் குறைந்த வேகத்தில் ஓட்டி முதலில் சீஸை மட்டும் கட்டியில்லாமல் அடித்து, சீனி, தயிர், சோள மாவு, எலுமிச்சைச் சாறு, வெனிலா, உப்பு என்று வரிசையாகச் சேர்த்தேன். முட்டை கடைசியில்தான், அதுவும் கையாலேயே கலந்தால் போதும். வேகமாக அடித்தால் காற்று ஏறும். ஏறிய காற்று ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமுங்கி, மேலே வெடிப்பு விடும். கலந்ததை ஒரு முறை வடிகட்டினால் தப்பித்த சீஸ் கட்டி ஏதாவது இருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

இப்போது அடுக்கும் வேலை. மிட்டாயைக் கலவையோடு சேர்த்துக் கிளறி ஊற்றினால் அதன் கனத்துக்குக் கீழே போய் அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். அதோடு வெட்டும்போது கத்தி எங்கே மிட்டாயில் மாட்டும் என்று தெரியாது. கத்தி பட்டால் சாக்லேட் உடைந்து மிட்டாய் திறந்துகொள்ளும். இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். டின்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டர் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் எங்கெங்கே வெட்டப் போகிறோம் என்று முன்னாடியே கோடு போட்டுக்கொள்வது. பத்து சென்டிமீட்டர் நீளம், மூன்றே கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம் என்ற கணக்கில் ஒரு டின்னுக்குப் பன்னிரண்டு பார். பாதிக் கலவையை ஊற்றிச் சமப்படுத்தி, ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்து, ஒவ்வொரு பாரின் நடுவிலும் மூன்று மூன்று துண்டுகளை நேர் வரிசையாக வைத்தேன். குளிர்ந்த துண்டு பட்டதும் சுற்றியுள்ள கலவை சற்று இறுகி, துண்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். மீதிக் கலவையைக் கரண்டியில் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றாமல் ஒட்டினாற்போல் விட்டு, கரண்டியின் முதுகால் தடவி மூடினேன். டின்னைத் தரையில் இரண்டு தட்டு, அவ்வளவு போதும்.

பார் உயரம் குறைவாக இருப்பதால் டின்னையே தண்ணீரில் இறக்கி வைக்கத் தேவையில்லை. ஓவனின் கீழ்த் தட்டில் ஒரு அலுமினியத் தட்டில் கொதிநீர் ஊற்றி வைத்தேன், மேல்புறம் காயாமல் இருக்க. உள்ளே நிஜமாகவே 160 டிகிரி, மேலும் கீழும் கம்பிகள் எரிய, ஃபேன் இல்லாமல், 35 நிமிடம். நேரத்தை நம்புவதைவிட டின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரங்கள் அசையக் கூடாது. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், உறைந்தும் உறையாமலும் இருக்கும் தயிர்க் கிண்ணத்தை நகர்த்தினால் அசையுமே, அப்படி அசைய வேண்டும். கம்பித் தெர்மாமீட்டர் இருந்தால் மிட்டாய் இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள், 66, 68 டிகிரி காட்டினால் அடுப்பை அணைத்துவிடலாம். உள்ளிருக்கும் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும்.

அணைத்த பிறகு ஓவன் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, கொஞ்சம் திறந்தபடி ஒரு மணி நேரம். பிறகு மேடையில் ஆறவிட்டு, முழுக்கச் சூடு போன பின் மூடி ஃப்ரிட்ஜில். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் மூடியில் வியர்த்துச் சொட்டும். சாயங்காலம் சுட்டால் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து காலையில் வெட்டத் தயார். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக எடுத்தால் துண்டு நிற்காது. பட்டர் பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து, நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, பென்சில் கோட்டைப் பார்த்து நேராக அழுத்தி வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். ஈரக் கத்தி வேண்டாம். பன்னிரண்டு பாரும் ஓரம் கலையாமல் வந்தன, ஒன்றிலும் மிட்டாய் வெளியே தெரியவில்லை.

அவள் இருப்பது வேளச்சேரியில், நான் மந்தைவெளியில். பறக்கும் ரயிலில் போனால் குலுக்கல் இல்லாமல் போய்விடலாம் என்பதால் அதிலேயே கிளம்பினேன். தெர்மோகோல் பெட்டியின் அடியில் உறைந்த ஜெல் பாக்கெட்டுகள், அதன் மேல் ஒரு துணி, அதன் மேல் எவர்சில்வர் டப்பாவில் வரிசையாகப் பார்கள். சலித்து வைத்த மிட்டாய்த் தூளும் சுரண்டி எடுத்த தேங்காய்த் துருவலும் தனிச் சிமிழில். அவற்றை வீட்டிலேயே தூவிவிட்டால் போய்ச் சேர்வதற்குள் கரைந்து கறை மாதிரி ஆகிவிடும்.

போனதும் டப்பாவை உடனே திறக்கவில்லை. குளிர்ந்த பண்டத்தின் மேல் நம் ஊர்க் காற்று பட்டால் நொடியில் நீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே பதினைந்து நிமிடம் மேசையில் வைத்தால், வியர்ப்பது டப்பாவின் வெளிப்புறம்தான். அந்த நேரத்தில் சாக்லேட்டும் பல்லுக்கு இதமாகத் தளர்ந்துவிடும். திறந்து, தட்டில் வைத்து, மேலே தூளும் வண்ணத் துருவலும் தூவினேன். அந்தச் சிவப்பும் பச்சையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏய், இது எங்க ஊர் மிட்டாய் மேல இருக்கிறதுல்ல?"

"முதல்ல சாப்பிடுடி. அப்புறம் பேசலாம்."

ஒரு வாய் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. "அட, உள்ளேயும் இருக்கு! எப்படிடி நமத்துப்போகாம வச்ச?" என்றாள். சொன்னேன், இங்கே எழுதியிருப்பது அத்தனையும். சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது பார் பாதி காலி. கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, வெட்டுப்பக்கத்தைக் கேமராவுக்கு நேரே காட்டினாள். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, சுக்கு போதாது என்று தோன்றுகிறது, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு என்றார். கடித்துப் பார்த்தால் உண்மைதான். குளிர்ந்த பண்டத்தில் காரம் அமுங்கிவிடுகிறது. அடித்தளத்தில் நான் போட்ட ஒரு சிட்டிகை போதாது, அரை டீஸ்பூன் தாராளமாகப் போடலாம்.

மிச்சப் பார்களை டப்பாவோடு அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு நாளைக்குள் முடித்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலையில் சேரும் நாளன்று அலுவலகத்துக்குக் கொண்டுபோக இன்னொரு டின் கேட்டிருக்கிறாள். அங்கே முட்டை சாப்பிடாதவர்கள் இருப்பார்களாம். முட்டைக்குப் பதில் கன்டென்ஸ்டு மில்க்கும் சோள மாவும் வைத்துச் செய்ய வேண்டும். இனிப்பு ஏறும் என்பதால் சீனியை அநேகமாக விட்டுவிட வேண்டியிருக்கும். உள்ளே வைக்க எள்ளு மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். மெல்லிசாக இருப்பதால் இரண்டு பட்டைகளைச் சாக்லேட்டில் ஒட்டி ஒன்றாக்கி, அப்புறம் தோய்த்துப் பார்க்கப் போகிறேன்.